நெற்றியைக் கடக்கும் இடம்

கீழே இருக்கும்போது வலிக்கவில்லை.
முழுக்கத் தூக்கிவிட்டால் அப்போதும் இல்லை.
நடுவில்தான்.
கம்பி என் நெற்றியைக் கடக்கும் அரை நொடியில்
வலத் தோள்முனையில்
யாரோ சாவியால் கீறுகிறார்கள்.

டாண்டினோங்கில், ரயில் பாதைக்குப் பின்னால்,
டயர்க் கடையை ஒட்டிய தகரக் கொட்டகை.
இரும்புக் கதவைச் சுருட்டி ஏற்றினால் அதுதான் எங்கள் ஜிம்.
ஜூலைக் காலையில் கம்பியைத் தொட்டால்
கை ஒட்டிக்கொள்ளும் குளிர்.
நாற்பத்தைந்து வயதுக்கு நாற்பத்தைந்து கிலோ,
எனக்கு நானே கட்டிய பந்தயம்.
செப்டம்பரில் பிறந்தநாள்.

மூன்று வாரம் பொய் சொன்னேன்.
உடம்பைச் சூடாக்காமல் தூக்கினேன் என்றேன்.
தலையணை சரியில்லை என்றேன்.
மருத்துவமனையில் கருவித் தட்டுகளைக் கழுவி
மேல்தட்டில் அடுக்குகிற வேலை, அதனால் என்றேன்.
காட்டிக்கொடுத்தது சீட் பெல்ட்.
இழுக்கக் கை பின்னால் போனபோது
வந்த சத்தத்தைக் கேட்டு
பின்னிருக்கையில் மகன் இயர்போனைக் கழற்றினான்.
அப்புறம் உள்ளாடைக் கொக்கி.
முன்னால் மாட்டிப் பின்னால் சுழற்றினேன்,
பதின்மூன்று வயதில் செய்ததுபோல.

ஸ்பிரிங்வேலில், நூடுல்ஸ் கடை மாடியில், டுயென்.
என் தோள் உயரமே இருப்பாள்.
முழங்கையைப் பிடித்து என் கையை அவளே தூக்கினாள்.
இங்கேயா? இல்லை.
இங்கே? இல்லை.
இங்...
ஆமாம்.
கீழேயிருந்து அன்னாசிப்பூ வேகும் வாசம்.

படத்தில் ஒரு தசைநார் நைந்திருந்தது,
பழைய பாவாடை நாடாவைப் போல.
முடிந்தது கதை என்று நினைத்தேன்.
அவள் அடுத்த படத்தைப் போட்டாள். இடத் தோள்.
அதிலும் நைவு.
கொஞ்சம் கூடுதலாகவே.

இடத் தோள் இதுவரை ஒரு சொல் சொன்னதில்லை.

அன்றிரவு மல்லாந்து கிடந்தேன்.
வலப்பக்கம் ஒருக்களிக்கத் தடை.
பக்கத்தில் கௌரிதாசன், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிவிட்டு வந்த தூக்கம்.
எங்காவது நோகிறதா என்று
அவனை நான் கேட்டதே இல்லை.

'தோளைக் கீழே இழு, பின்னால் இழு, பூட்டி வை,'
ஜிம்மில் பிரோடி ஆயிரம் தடவை கத்தியது.
டுயென் தலையாட்டி மறுத்தாள்.
கை மேலே போகும்போது
முதுகில் இருக்கிற தோள்பட்டைப் பலகையும்
சுழன்று கூட வரவேண்டுமாம்.
என்னுடையது வாசல் காவலாளிபோல விறைத்து நிற்கிறதாம்.
இத்தனை நாளும் கையைத் தனியாகவே அனுப்பியிருக்கிறேன்.

நிறுத்தச் சொல்லவில்லை அவள்.
வலி பத்தில் மூன்றைத் தாண்டாவிட்டால் செய்.
மறுநாள் காலை ஏறியிருந்தால் எடையைக் குறை.
கம்பியின் ஒரு நுனியை மூலையில் ஊன்றி
மறுநுனியைச் சாய்வாகத் தள்ளு.
நேர் மேலே பிறகு பார்க்கலாம்.
குளியலறைச் சுவரில் துவாலையை வைத்து
முன்கைகளால் மேலே தேய், பத்துத் தடவை,
உச்சியில் தோளைக் காதுவரை போகவிடு.
மகன் கேட்டான்: 'அம்மா, சுவரில் என்ன கறை?'

இதற்கு இரண்டு மாதம் ஆனது.
நடுவில் ஒருநாள் ரோசம் வந்து நாற்பது போட்டேன்.
நாலு நாள் தலை வாரவில்லை.
அதையும் நோட்டில் எழுதினேன், தேதியோடு.

செப்டம்பர். இருபத்தேழரை கிலோ.
கம்பி மோவாயைக் கடந்தது, மூக்கு,
நெற்றி.
சாவி வந்தது. சும்மா உரசிவிட்டுப் போனது.
உச்சியில் தோள்கள் காதைத் தொட்டன.
பிரோடி வாயைத் திறந்து மூடினான்.

மறுநாள் விடிந்ததும் படுக்கையிலேயே
கையைத் தூக்கிப் பார்த்தேன்.
ஒன்றரை.
திரும்பி அவனைக் கேட்டேன்,
'உனக்கு எங்கேயாவது நோகுதா?'

நெடுநேரம் கூரையைப் பார்த்தான்.
'முழங்கால்,' என்றான்.
'இடது. எட்டு வருசமா.'